மோரியாவுக்குப் போன வழியில் கீர்க்ககார்ட்

இருத்தலியல் என்றதும் கடவுளை மறுத்த சார்த்தரும் காம்யுவும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். அந்தச் சிந்தனைக்கு முன்னோடியாக எண்ணப்படுபவர் வேதத்தில் ஊறிய விசுவாசி என்பதைச் சபையார் பெருமையோடு அறிய வேண்டும்.

சோரன் கீர்க்ககார்ட் 1813 மே 5 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். கம்பளி வணிகரான தந்தை, சிறுவயதில் யூட்லாந்துப் பொட்டலில் ஆடு மேய்த்தபோது பசியும் குளிரும் தாளாமல் கடவுளைச் சபித்தவர். அந்தக் குற்ற உணர்வு முதுமையிலும் அவரை விடவில்லை. ஏழு பிள்ளைகளில் ஐவர் அவர் உயிரோடிருக்கும்போதே இறந்துபோனார்கள். வாழ்வுக்குப் பொருள் என்ன என்ற கேள்வி அந்த வீட்டிலேயே குடியிருந்தது.

கடைசி மகனான சோரன் 1843இல் ‘பயமும் நடுக்கமும்’ என்ற நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை நினைவூட்டும் தலைப்பு அது. பொருளோ ஆதியாகமம் 22ஆம் அதிகாரம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன அந்தச் சம்பவத்தை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால், புதரில் ஆட்டுக்கடா சிக்கியிருப்பது கேட்போர்க்கெல்லாம் முன்பே தெரியும், ஆபிரகாமுக்குத் தெரியாது. கீர்க்ககார்ட் வாசகரை நிறுத்துவது மோரியாவுக்குப் போன அந்த மூன்று நாள் வழியில்தான். சாராளிடமும் சொல்ல முடியாது, வேலைக்காரரிடமும் சொல்ல முடியாது. கிரேக்கக் கதையில் அகமெம்னானும் மகளைப் பலியிட்டான். படை கடல் கடக்க வேண்டும் என்ற காரணம் இருந்ததால் ஊரே அவனோடு சேர்ந்து அழ முடிந்தது. ஆபிரகாமுக்கோ பிறர் ஒப்பும் காரணம் ஒன்றும் கிடையாது. கடவுளுக்கு முன் தனியாக நின்றார். ஈசாக்கைத் திரும்பப் பெறுவோம் என்றும் நம்பினார். எபிரெயர் 11ஆம் அதிகாரம் சாட்சி சொல்வதும் இந்த நம்பிக்கைக்கே.

1945இல் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் சார்த்தரும் ஆபிரகாமின் இந்த வேதனையை, கீர்க்ககார்ட்டின் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டினார்.

தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு வந்தது டேனிஷ் அரசரின் அனுப்புதலால். அதே டென்மார்க்கின் லுத்தரன் சபையில்தான் கீர்க்ககார்ட் வளர்ந்தார். கடைசி ஆண்டுகளில் அதையே கடுமையாகக் கண்டித்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதாலேயே ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவாரா என்று கேட்டார். 1855 நவம்பர் 11 அன்று, 42ஆம் வயதில் இறந்தபோதும், அரசுச் சம்பளம் பெறும் குருவானவரின் கையால் நற்கருணை வேண்டாம் என்றே மறுத்திருந்தார்.

அந்தக் கேள்வி இந்தச் சபைக்கும் உரியது. திடப்படுத்தல் பெறும் பிள்ளைகள் மனப்பாடம் செய்த விடைகளோடு நின்றுவிடாமல், தாங்கள் ஏன் விசுவாசிக்கிறோம் என்பதைத் தங்கள் சொந்தச் சொற்களில் சொல்ல, பெரியவர்கள் பொறுமையோடு இடம் தர வேண்டும்.