ஆரஞ்சுச் சக்கையும் மாங்கொட்டையும்

கறிக்கோழி வளர்ப்பில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே செலவாகிறது. மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம், "பழ ஆலையில கொட்டிக் கிடக்கிற சக்கையைக் கோழிக்குப் போட்டா என்ன?" என்று உங்களுக்குத் தோன்றும். இதே யோசனை வேறு ஊரிலும் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுச் சாறு எடுக்கும் ஆலைகள் பெருகின. பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோல், சக்கை, விதை என்று மிஞ்சிவிடும். குவித்து வைத்தால் புளித்து நாறும், ஈ மொய்க்கும். 1930களில் அதைத் தீவனமாக்கத் தொடங்கினார்கள். சக்கையோடு கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் வழுவழுப்புப் போய் நீர் பிரியும். பிழிந்து உலர்த்துவது சுலபம். மாடுகள் நன்றாகவே தின்றன.

மாட்டுக்கு ஆனது கோழிக்கு ஆகவில்லை. விதையில் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு குஞ்சுகளுக்கு நஞ்சாக முடிந்தது. புளோரிடா ஆராய்ச்சி நிலையம் இதை 1951-ல் வெளியிட்டது. விதையிலுள்ள லிமோனின் என்ற கசப்புப் பொருள்தான் காரணம். விதை நீக்கிய சக்கையிலும் நார் அதிகம். மாட்டுக்கு நாலு அறை வயிறு, நாரை நொதிக்கவைத்துச் செரித்துவிடும். கோழிக்கு அந்த வசதி ஏதுங்க? எச்சம் பிசுபிசுக்கும், எடை ஏறாது.

நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளில் மிஞ்சுவது கொட்டை. ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு. மாவுச்சத்து நிறைய, எண்ணெய் பத்தில் ஒரு பங்கு. ஆனால் துவர்ப்பு இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். அது புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்க விடாது. காமரூன், நைஜீரியா நாடுகளில் மக்காச்சோளத்துக்குப் பதிலாக இந்தப் பருப்பைக் கறிக்கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காமரூன் ஆய்வு 1995-ல் வெளியானது. பச்சைப் பருப்பு கூடினால் வளர்ச்சி குன்றியது. வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாதிப்பு குறைந்தது.

ஆகவே, பருப்பை நறுக்கி, வேகவைத்து, நீரை வடித்து, சலசலவென்று காயவைத்து அரையுங்கள். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நஞ்சு கோழியைக் கொல்லும். முதலில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் வேண்டாம். அதுவும் மக்காச்சோளத்தில்தான் குறைக்கணும், சோயாப் பிண்ணாக்கில் கை வைக்காதீங்க. சின்னக் குஞ்சுக்கும் வேண்டாம். மூன்று வாரம் தாண்டிய பத்துக் கோழிக்குப் போட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.