ஷிம்பாஷியில் ஒரு சிறிய அறை

டோக்கியோவின் ஷிம்பாஷி புகையிரத நிலையத்திலிருந்து சில நிமிட நடைதூரத்தில் உள்ள ஒரு ஹோட்டலில் சில நாட்கள் தங்கியிருந்தேன். நட்சத்திர ஹோட்டல் அல்ல. ஜப்பானியர்கள் 'பிஸினஸ் ஹோட்டல்' என்று அழைக்கின்ற நடுத்தர விலை விடுதி. பயணப்பெட்டியைத் தரையில் திறந்துவைத்தால் நடமாடுவதற்கு இடமில்லாத அறை. ஆனால், யுகாத்தா என்ற பருத்தி அங்கி, செருப்பு, பல்துலக்கி, தேநீர்ப் பொட்டலம் என்று ஒரு பிரயாணி வீட்டில் மறந்துவிட்டு வரக்கூடிய சகலதும் அந்தச் சிறிய இடத்திற்குள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. மேசை இழுப்பறையில் விவிலியத்துக்குப் பக்கத்தில் புத்தரின் போதனைகளைத் தொகுத்துக்கூறும் நூலொன்றும் இருந்தது. இந்த நூலை ஹோட்டல் அறைகளுக்கு வழங்கிவருகின்ற சங்கத்தை 1965ஆம் ஆண்டு நிறுவியவர், நுண்ணளவுக் கருவிகளைத் தயாரிக்கும் மிட்டுடோயோ கம்பனியின் ஸ்தாபகரான யெஹான் நுமாட்டா என்ற தொழிலதிபர்.

கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சேர்த்து ஒரு கைமின்விளக்கும் பொருத்தப்பட்டிருந்தது. அதைத் தாங்கியிலிருந்து இழுத்து எடுத்தால் தானாகவே எரியும். முதல் நாள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு கட்டில் இலேசாக ஆடி, அலுமாரியில் தொங்கிய உடைமாட்டிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமெழுப்பியபோது என் கை முதலில் தேடியது அந்த விளக்கைத்தான். சில விநாடிகளில் எல்லாம் அடங்கிவிட்டது. நடைபாதையில் எவரும் ஓடவில்லை. பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேயிருந்தது. பூமியதிர்ச்சியை அறியாத ஊரில் பிறந்த எனக்கு மாத்திரம் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. இந்தச் சுவரை நம்பலாமா என்ற கேள்விக்கு இந்த ஹோட்டல்களின் வரலாற்றில்தான் பதில் தேடவேண்டியிருந்தது.

பிரயாணிகளைத் தரம்பிரித்துத் தங்கவைப்பதில் ஜப்பானியர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. பிராந்தியப் பிரபுக்கள் தலைநகர் எடோவுக்குக் குறித்த கால ஒழுங்கில் வந்து தங்கவேண்டும் என்ற விதியை தொக்குகாவா இயெமிட்சு 1635இல் சட்டமாக்கினார். எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொக்காய்தோ வீதியின் 53 தங்குமிடங்களும் அதனால் செழித்தன. பிரபுவுக்கு 'ஹொன்ஜின்', சாதாரண பிரயாணிக்கு உணவுடன் கூடிய 'ஹத்தாகோ', அதற்கும் வசதியற்றவருக்கு விறகுக் காசை மாத்திரம் செலுத்தித் தானே சமைத்துக்கொள்ளும் 'கிச்சின்யாடோ'. இந்த மூன்றில் நடுவில் உள்ள ஹத்தாகோவே இன்றைய நடுத்தர ஹோட்டலின் மூதாதை என்று சொல்லத் தோன்றுகிறது.

மேற்கத்திய பாணி ஹோட்டல்கள் பின்னர் வந்தபோது இந்த நடுத்தரத்தைக் கைவிட்டுவிட்டன. 1890இல் திறக்கப்பட்ட இம்பீரியல் ஹோட்டல் வெளிநாட்டுப் பிரமுகர்களுக்கானது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லொய்ட் ரைட் வடிவமைத்த அதன் புதிய கட்டிடம், கான்டோ பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்த 1923 செப்டெம்பர் 1ஆம் திகதியே திறப்புவிழாவுக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. கட்டிடம் இடிந்துவிழாமல் தப்பியதால் ரைட்டின் புகழ் பெருகியது. ஆனால், ஒசாகாவிலிருந்து வியாபார விடயமாக டோக்கியோவுக்கு வந்த ஒரு குமாஸ்தா அங்கு தங்குவதைக் கற்பனைகூடச் செய்திருக்கமாட்டார்.

அந்தக் குமாஸ்தாவைப் பற்றிச் சிந்தித்தவர் இச்சிஸோ கோபயாஷி. ஹான்க்யூ ரயில்வேயைக் கட்டியெழுப்பியவரும் தகராசூக்கா பெண்கள் நாடகக் குழுவை உருவாக்கியவரும் அவரே. அவரது யோசனையில் உருவான தாய்-இச்சி ஹோட்டல் 1938இல் இதே ஷிம்பாஷியில் திறக்கப்பட்டது. 600க்கும் அதிகமான அறைகள். பெரும்பாலானவை ஒருவருக்கான சிறிய அறைகள். 1940ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் போட்டிகளையும் மனதில் வைத்தே அது கட்டப்பட்டது. ஆனால், சீனாவுடனான போர் காரணமாக ஜப்பான் அந்த வாய்ப்பை அதே 1938 ஜூலையில் துறந்துவிட்டது. போருக்குப் பிறகு அந்த ஹோட்டல் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை அதிகாரிகளின் வாசஸ்தலமானது.

ஒலிம்பிக் 1964இல் வந்தது. அப்போதுதான் எனது அறையின் குளியலறையும் பிறந்தது என்று கூறலாம். ஆயிரத்துக்கும் அதிகமான அறைகளைக் கொண்ட நியூ ஒட்டானி ஹோட்டலை போட்டிகளுக்கு முன்னர் கட்டிமுடிக்கவேண்டிய நெருக்கடி. ஒவ்வொரு குளியலறைக்கும் ஓடு பதித்துக்கொண்டிருந்தால் காலம் போதாது. எனவே தொட்டி, கழுவுதொட்டி, மலசலகூடம் ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே ஒரே அலகாகத் தயாரித்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதைச் செய்துகொடுத்தது இன்று டோட்டோ என்று அறியப்படும் நிறுவனம். ஆடம்பர ஹோட்டலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட அந்த உத்திதான் மலிவான ஹோட்டல்களைப் பெருகவைத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி ஷின்கான்சென் அதிவேக ரயிலும் ஓடத் தொடங்க, கம்பனி ஊழியர்களின் பிரயாணம் பெருகி, புகையிரத நிலையங்களின் வாசல்களில் பிஸினஸ் ஹோட்டல்கள் முளைத்தன.

வளர்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. 1980 நவம்பரில் தொச்சிகி மாகாணத்தின் கவாஜி வெந்நீர் ஊற்று விடுதியொன்றில் ஏற்பட்ட தீயில் 45 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலானோர் சுற்றுலா வந்த முதியவர்கள். 1982 பெப்ரவரி 8 அதிகாலை டோக்கியோவின் அக்காசாக்காவில் நியூ ஜப்பான் ஹோட்டலின் ஒன்பதாவது மாடியில் தீ மூண்டு 33 பேர் பலியாகினர். அவர்களில் பலர் வெளிநாட்டவர்கள். சட்டப்படி இருக்கவேண்டிய தண்ணீர்த் தெளிப்பான்கள் அங்கு பொருத்தப்பட்டிருக்கவில்லை. அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்தும் செலவைக் குறைப்பதிலேயே உரிமையாளர் ஹிடெக்கி யொக்கோய் குறியாக இருந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட மூன்று வருட சிறைத்தண்டனையை உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதிசெய்தது. தீ மூண்டதற்கு மறுநாளே ஜப்பான் எயார்லைன்ஸ் விமானமொன்று ஹனேடாவுக்கு அருகே கடலில் வீழ்ந்து 24 பேர் இறந்தனர். அந்த இரு நாட்களும் டோக்கியோ செய்தி ஆசிரியர்களின் மேசைகள் எப்படி இருந்திருக்கும் என்பதை எமது தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கவாஜி தீக்குப் பின்னர் தீத்தடுப்பு விதிகளை நிறைவேற்றிய விடுதிகளுக்குத் 'தகுதியானது' என்ற முத்திரை வழங்கும் முறை 1981இல் ஆரம்பிக்கப்பட்டது. 2003இல் கைவிடப்பட்ட அந்த முறை, 2012இல் ஃபுக்குயாமா நகரின் ஹோட்டல் தீயில் ஏழு பேர் இறந்த பிறகு 2014இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

தீயைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2005 நவம்பரில் அம்பலமான மோசடி. ஹிடெட்சுகு அனெஹா என்ற கட்டிட வடிவமைப்பாளர், பூமியதிர்ச்சியைத் தாங்கும் வலிமை பற்றிய கணக்குகளைப் பொய்யாகத் தயாரித்து, ஏறத்தாழ நூறு கட்டிடங்களில் இரும்பின் அளவைக் குறைத்திருந்தார். அவற்றில் அடுக்குமாடி வீடுகளும் இருந்தன. பிஸினஸ் ஹோட்டல்களும் கணிசமாக இருந்தன. பல நகரங்களில் ஹோட்டல்கள் இரவோடிரவாக மூடப்பட்டன. கணக்குகளைச் சரிபார்க்கும் அதிகாரம் 1990களின் இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டிருந்தது, அவை பிடிக்கவில்லை. உள்ளூராட்சி அதிகாரிகளின் கைகளுக்குச் சென்ற கணக்குகளிலும் சில தப்பிவிட்டன. அனெஹாவுக்கு ஐந்து வருட சிறைத்தண்டனை கிடைத்தது. 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் பெரிய கட்டிடங்களின் கணக்குகளை இன்னொரு நிபுணர் குழுவும் பரிசோதிக்கவேண்டும் என்று விதித்தது.

புறப்படும் நாளன்று வரவேற்புப் பீடத்தில் இருந்த இளம்பெண்ணிடம் இந்தக் கட்டிடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று கேட்டேன். அவர் தயங்கவில்லை. கேள்வியை விநோதமாகவும் நினைக்கவில்லை. உள்ளே சென்று திரும்பிவந்து, 2009 என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி இரு கைகளாலும் நீட்டினார். அது என் கடவுச்சீட்டுக்குள் இன்னமும் இருக்கிறது.