ஒன்றே முக்கால் அங்குலம்

என் பெரியப்பா ஆம்பூரில் ஒரு டானரியில் முப்பது வருஷம் கணக்கு எழுதினார். 1998-ல் வேலையிலிருந்து நின்றபோது, இத்தனை காலம் வேலை பார்த்ததற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டியிருந்தது. முதலாளிக்குக் கையெழுத்துப் போடத்தான் நேரம் இருந்தது. ஆகவே தம்முடைய சர்டிபிகேட்டைத் தாமே எழுதிக்கொண்டார். எழுதியது புல்ஸ்கேப் காகிதத்தில். வேறு காகிதத்தில் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை.

அவர் காலமான பிறகு பெரியம்மாவின் பென்ஷன் விஷயமாக அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் வேலூருக்குப் போனோம். ஒரு கடையில் நகல் எடுத்தோம். கண் மூடித் திறப்பதற்குள் பளிச்சென்று வந்தது. மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பினோம். பதினைந்து நாளில் மனுவும் திரும்பியது. வேலையிலிருந்து நின்ற தேதியைக் காணோமாம். முதலாளி கையெழுத்தையும் காணோமாம்.

எடுத்துப் பார்த்தேன். ஆபீஸ்காரர்கள் சொன்னது வாஸ்தவம். அசல் 13½ அங்குல நீளம். நகல் வந்த ஏ4 தாளோ 297 மில்லிமீட்டர், அதாவது 11.7 அங்குலம். அடியில் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் அம்போ என்று போய்விட்டது. தேதியும் கையெழுத்தும் அங்கேதான் இருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடை இருந்த பேட்டைக்குப் பெயர் காகிதப்பட்டறை! வேலூர்க்காரர்கள் தினமும் சொல்லும் பெயர்தான். கொல்லன் பட்டறை மாதிரி, காகிதம் செய்கிற பட்டறை. 'காகிதம்' என்பது பாரசீகக் 'காகஸ்'. ஆற்காட்டு நவாபின் கச்சேரிகளில் பாரசீகம் நடந்த சீமை இது. பெரியப்பா காகிதத்தைத் 'தஸ்தா' கணக்கில்தான் வாங்குவார். அதுவும் பாரசீகமே, ஒரு கைப்பிடி என்று அர்த்தம். 24 தாள் ஒரு தஸ்தா, 20 தஸ்தா ஒரு ரீம். அந்த 'ரீம்' அரபு நாட்டில் புறப்பட்டு ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு இங்கிலீஷ் வழியாக நம்மிடம் வந்தது.

கடற்கரையில் கதை வேறு. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாற்றிலும் ஒரு காகிதப் பட்டறை இருந்தது. அதன் பெயர் கடுதாசிப்பட்டறை. 'கடுதாசி' போர்த்துகீசியர் விட்டுப்போன வார்த்தை. சரக்கு ஒன்று, பட்டறை ஒன்று. எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பெயர் சொல்லிவிடுகிறது. சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1715-ஐ ஒட்டி அந்தப் பட்டறையை ஏற்படுத்தினார். காரணம், காகிதப் பஞ்சம். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் மகா பெரியவை. அவற்றை வைத்து வேதப் புத்தகம் முழுவதும் அச்சிட்டால் இருக்கிற காகிதம் மூலைக்குக் காணாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம்? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கிக்கொண்டார்கள். தமிழ் எழுத்து முதல்முதலாக உடம்பு இளைத்தது காகிதத்துக்குப் பயந்துதான்.

கையால் காகிதம் செய்த காலத்தில் தாளின் அளவை நிர்ணயித்தவர் கணித நிபுணர் அல்ல, தொட்டியருகே நின்ற தொழிலாளி. சல்லடையைக் கூழில் அமிழ்த்தி இரண்டு கையாலும் தூக்க வேண்டும். கை எட்டும் தூரம்தான் காகிதத்தின் அகலம். பிறகு மை ஊறாமலிருக்கப் பசை பூச வேண்டும். நம் நாட்டில் கஞ்சி பூசி, கல்லால் தேய்த்து மழமழப்பாக்கினார்கள். ஐரோப்பாவில் தோல் துண்டுகளைக் காய்ச்சி வடித்த பசையில் முக்கி எடுத்தார்கள். ஆம்பூர்வாசிக்கு இதைச் சொன்னால் ஒரு மூச்சு உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு, 'அந்தக் காகிதம் என்ன வாசனை அடித்திருக்குமோ?' என்று கேட்பார்.

ஒவ்வொரு பட்டறையும் தன் காகிதத்தில் ஒரு நீர்க்குறி போட்டது. கோமாளியின் தலைக் குல்லாயை ஒரு குறியாகப் போட்டார்கள். இங்கிலீஷில் கோமாளிக் குல்லாய்தான் 'புல்ஸ்கேப்'. நாளடைவில் குறி மறைந்து, பெயர் அளவுக்கு நின்றுவிட்டது. நம்மவர்கள் 'புல்' என்றால் முழுசு என்று நினைத்துக்கொண்டோம். கலெக்டருக்குப் போன மனுக்களும் கோர்ட்டுக்குப் போன பிராதுகளும் கோமாளிக் குல்லாய்க் காகிதத்தில்தான் போயின என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், பாவம்.

புல்ஸ்கேப்பில் ஒரு கோளாறு உண்டு. முழுத்தாள் 17-க்கு 13½ அங்குலம், சற்றுக் குண்டு. இரண்டாக மடித்தால் 13½-க்கு 8½, ஒல்லி, நெட்டை. இன்னும் ஒரு மடிப்பு, மறுபடியும் குண்டு. மடிக்க மடிக்க உருவம் மாறிக்கொண்டே போகும். மடித்தாலும் முகம் மாறாத காகிதம் உண்டா? இந்தக் கேள்வியை லிக்டன்பெர்க் என்ற ஜெர்மன் பேராசிரியர் ஓர் இங்கிலீஷ் மாணவனுக்குக் கணக்காகக் கொடுத்தார். அகலம் 1 என்றால் நீளம் இரண்டின் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 1.414 இருக்க வேண்டும் என்று விடை வந்தது. ஒரு தாளை அந்த அளவுக்கு வெட்டலாமென்று கத்தரிக்கோலை எடுத்தார். அளந்து பார்த்தால் தாள் ஏற்கெனவே அந்த அளவில் இருக்கிறது! யாரோ பெயர் தெரியாத காகிதக்காரன் முந்திக்கொண்டான். 1786 அக்டோபரில் இதை அவர் நண்பர் பெக்மனுக்குக் கடிதமாக எழுதினார். 1798-ல் பிரான்ஸில் முத்திரைத்தாள் சட்டம் இந்த விகிதத்தில் சில தாள்களை வகுத்தது. பிறகு உலகம் மறந்துபோயிற்று. 1922-ல் ஜெர்மனியில் போர்ஸ்ட்மன் அதைத் தூசி தட்டி எடுத்தார். ஒரு சதுர மீட்டர் தாளுக்கு ஏ0 என்று பெயர். நான்கு தரம் பாதியாக்கினால் ஏ4. ஆகவே ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள காகிதமானால் ஒரு தாள் சரியாக 5 கிராம். தபால்தலை எத்தனைக்கு ஒட்டுவது என்பதைத் தராசு இல்லாமலே சொல்லிவிடலாம்.

இந்தியா 1957-லேயே இந்த அளவை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு. பெரியப்பா 1998-லும் புல்ஸ்கேப்பை விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டே 2020-ல்தான் ஏ4 தாளின் இரண்டு பக்கமும் அச்சிட்டால் போதும் என்று இறங்கி வந்தது. தமிழ்ப் பதிப்பாளர்களோ இன்னும் கிரவுன், டெமி என்று பிரிட்டிஷ் மகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம். பாரம் முடிந்தால் கதையும் முடிய வேண்டும். என் கதாநாயகி ஒருத்தி அரைப் பக்கம் இடமில்லாமல் அவசரமாக மனம் மாறியிருக்கிறாள்.

பெரியப்பாவின் தொழிலில் இந்தச் சௌகரியங்கள் எதுவும் கிடையாது. ஆட்டுத் தோல் ஒன்று போல் ஒன்று இராது. சதுர அடியில் அளந்து, கால் அடிகளைத் தலைமேல் சிறிய எழுத்தில் போடுவார். 4-க்கு மேல் குட்டியாக ஒரு 3 இருந்தால் நாலே முக்கால். தோலில் முதுகுப்பக்கம் உசத்தி; வயிறும் ஓரமும் மட்டம். செருப்பின் முன்பாகத்தை எந்த வெட்டுக்காரரும் ஓரத்தில் வெட்டமாட்டார். முப்பது வருஷம் இதைப் பார்த்த மனிதர், தம் காகிதத்தில் மட்டும் உயிரான இரண்டு வரியைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தார்!

மறுபடியும் காகிதப்பட்டறைக்குப் போனோம். அதே கடை. பையனிடம் விஷயத்தைச் சொன்னதும், "அவ்வளவுதானே சார், 86-ல் வச்சுக் குறைச்சிட்டா முழுசும் வந்துடும்" என்று பொத்தானை அழுத்தினான். வந்தது. தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, மேலும் கீழும் ஒரு மயிரிழை வெள்ளைகூட மிச்சம் இருந்தது.

பெரியம்மா வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்பா, அவரு எழுத்து இத்தனை பொடிசா இருக்காதே?" என்றார்.

அசலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.