பிறப்பைக் கேட்ட சட்டம்

நமது மாப்பிள்ளையூரணிக்கு அருகிலேதான் தூத்துக்குடித் துறைமுகம் இருக்கிறது. முத்துக்காக அதனைப் புகழ்வோர் உண்டு; வ.உ.சி.யின் கப்பலுக்காகப் போற்றுவோரும் உண்டு. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய கூலித் தமிழனை நினைப்போர் எத்தனை பேர்?

கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டம் கண்டவன் அவன். காப்பிச் செடி நோயால் மடிந்தபோது தேயிலை நட்டவனும் அவனே. லயத்திலே பிறந்தான், மலையிலே உழைத்தான், அந்த மண்ணுக்கே உரமானான்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவன் பெற்ற பரிசு என்ன? அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம்! இலங்கையில் பிறந்தேன் என்றால் போதாதாம். தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டுமாம். எழுத்தறியாத் தோட்டத் தொழிலாளி எந்தப் பெட்டியைத் திறந்து சான்றிதழ் எடுப்பான்? அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் வாக்களித்த கை 1952இல் வெறுங்கையாயிற்று.

அமெரிக்கா 1882இல் சட்டம் செய்து, சீனத் தொழிலாளியைப் பெயர் சொல்லியே தடுத்தது. 1943 வரை நீடித்தது அந்த அநீதி. இலங்கையின் குடியுரிமைச் சட்டத்திலோ 'தமிழன்' என்ற சொல்லே இல்லை! அமெரிக்கச் சட்டம் இனத்தைக் கேட்டது. இலங்கைச் சட்டம் பிறப்பைக் கேட்டது. உழைப்பைக் கேளாது பிறப்பைக் கேட்பது எவருடைய நீதி? மனுவின் நீதியன்றோ! அக்கிரகாரத்தில் அதற்குப் பெயர் வருணம். கொழும்பில் அதற்குப் பெயர் வம்சாவளி.

நாடற்றோராக நின்றவர் ஏறத்தாழ 9,75,000 பேர். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். ஆடுமாடுகளையா பங்கிட்டனர்? எங்கே வாழ விரும்புகிறாய் என்று அந்த மனிதனைக் கேட்டுவிட்டா கணக்குப் போட்டனர்? எஞ்சியோரின் குறை தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதில் நமக்கொரு பாடமும் உண்டு. மலையகத் தமிழன் வீழ்ந்த நாளில், ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சி கண்டார். தோட்டக்காரனுக்கு வந்த துன்பம் தமக்கில்லை என்றிருந்தோரின் வாயிலை, 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் தட்டிற்று.

ஆகவே தோழர்களே, நம் ஊருக்குப் பிழைக்க வருபவன் எம்மொழி பேசுபவனாயினும், அவன் பாட்டன் யாரென்று கேளாதீர்கள். அந்தக் கேள்வியைத்தானே நம்மவனிடம் கேட்டு நாடற்றவனாக்கினார்கள்!