மறைநிலை நிர்வாகிக் கணக்கு

விண்டோஸ் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவும்போதே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் தானாக உருவாகிவிடும் கணக்கே மறைநிலை நிர்வாகிக் கணக்கு எனப்படுகிறது. கணினியை வாங்கியவர் தம் பெயரில் தொடங்கும் கணக்கு வேறு, இது வேறு. முடக்கிய நிலையிலேயே வருவதால் உள்நுழைவுத் திரையில் இது தென்படாது. கண்ணுக்குப் படாததால் இதை ஏதோ இரகசியக் கதவு என்று நினைப்பவர் பலர். உண்மையில் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும், எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான் இது. இதன் பெயரை மாற்றலாம்; முடக்கலாம்; நீக்க முடியாது.

1993இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 பதிப்பிலேயே இக்கணக்கு இருந்தது. 2001இல் வெளியான எக்ஸ்பியில் இது முடக்கப்படவில்லை, வரவேற்புத் திரையிலிருந்து மட்டும் மறைக்கப்பட்டது. ஹோம் பதிப்பில் 'சேஃப் மோடு' வழியாகத்தான் இதற்குள் போக முடியும். புரொஃபஷனல் பதிப்பில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளைச் சேர்த்து இருமுறை அழுத்தினால் பழைய உள்நுழைவுப் பெட்டி வரும். அதில் பெயரைத் தட்டி நுழையலாம். அந்நாளில் பல கணினிகளில் இக்கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்கப்படாதது பெரிய ஓட்டையாக இருந்தது. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் இதை அடியோடு முடக்கி வைத்தது. இன்றைய பதிப்புகளிலும் அதே நிலைதான்.

விண்டோஸ் ஒரு கணக்கைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. அதற்குரிய பாதுகாப்பு எண்ணால் காண்கிறது. இக்கணக்கின் எண் எந்தக் கணினியிலும் 500 என்றே முடியும். ஆகவே பெயரை மாற்றி வைத்தாலும் விவரம் தெரிந்தவரிடமிருந்து இதை ஒளிக்க முடியாது. வழக்கமான நிர்வாகிக் கணக்கில் ஒரு மென்பொருளை நிறுவப் போனால், திரை மங்கி, அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று எழும். மறைநிலைக் கணக்கில் அந்தக் கேள்வியே எழாது. இட்ட கட்டளை அப்படியே நிறைவேறும். இக்கணக்கின் வசதியும் ஆபத்தும் இதில்தான் இருக்கின்றன.

கணக்கைச் செயல்படுத்த வேண்டுமானால் ஏற்கெனவே நிர்வாகி உரிமை உள்ள வேறொரு கணக்கு தேவை. பூட்டிய அறைக்குள்ளேயே சாவி இருப்பது போன்ற நிலை இது: நிர்வாகியின் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, சாதாரணப் பயனராக நுழைந்து இதைத் திறந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். உரிமை உள்ளவர் 'கமாண்ட் பிராம்ப்ட்' செயலியை வலச்சொடுக்கி, நிர்வாகியாக இயக்கும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே நெட், யூசர், அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விட்டுத் தட்டி, இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் புதிய கடவுச்சொல் கேட்கப்படும். தட்டும் எழுத்து எதுவும் திரையில் தெரியாது. விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று தயங்க வேண்டியதில்லை. பிறகு அதே மூன்று சொற்களை மீண்டும் தட்டி, நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சாய்கோடு, ஆக்டிவ், முக்காற்புள்ளி, யெஸ் ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்தால் கணக்கு செயல்படத் தொடங்கும். கடவுச்சொல்லை முதலில் வைத்துவிட்டுப் பிறகு திறப்பதே முறை. புரொஃபஷனல் பதிப்பில் 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' என்ற சாளரத்தில் ஒரு குறியை எடுத்துவிட்டும் இதைச் செய்யலாம். ஹோம் பதிப்பில் அந்தச் சாளரம் இல்லை.

அதன்பின் வெளியேறினால் உள்நுழைவுத் திரையில் புதிய பெயர் தென்படும். முதல் முறை நுழையும்போது இக்கணக்குக்கெனத் தனிக் கோப்புறைகள் உருவாவதால் சற்று நேரமாகும். முகப்புத் திரை வெறிச்சென்று இருக்கும். ஆரணி, காஞ்சிபுரம் போன்ற பட்டு நெசவு ஊர்களில் இந்தக் காட்சி திடுக்கிட வைக்கக்கூடியது. அங்கே சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் உரிய டிசைன்கள் கணினியில் கட்டம் கட்டமாக வரையப்பட்டு, ஜக்கார்டு அட்டை அடிக்கவோ மின்னணு ஜக்கார்டில் ஏற்றவோ அனுப்பப்படுகின்றன. பல மாத உழைப்பு ஒரே கணினியில் இருக்கும். வெற்றுத் திரையைக் கண்டதும் டிசைன்கள் போய்விட்டதாகத் தோன்றினாலும், அவை சி டிரைவில் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் பழைய பயனரின் பெயரில் அப்படியே இருக்கும். பழைய கணக்கு பழுதாகித் திறக்க மறுக்கும்போது கோப்புகளை மீட்டுப் புதிய கணக்குக்கு மாற்றுவதுதான் மறைநிலைக் கணக்கின் மிகப் பயனுள்ள வேலை. விண்டோஸின் கோப்பு மறையாக்க வசதியால் பூட்டப்பட்டவை மட்டும் இவ்வழியில் திறக்காது.

கணினியில் செயல்படும் நிர்வாகிக் கணக்கு வேறொன்றும் இல்லாதபோது, முடக்கிய இக்கணக்கு 'சேஃப் மோடு' வழியாக மட்டும் இடம் கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைபவர்கள் கடவுச்சொல்லை மறந்தால் இந்த வழிக்கே வரத் தேவையில்லை, இணையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் அதே கட்டளையில் 'யெஸ்' என்ற இடத்தில் 'நோ' என்று தட்டிக் கணக்கை மீண்டும் முடக்க வேண்டும். இக்கணக்கிலேயே தொடர்ந்து வேலை செய்தால் உள்ளே புகும் தீநிரல் அனுமதி கேட்காமலே கணினி முழுவதையும் ஆட்கொள்ளும். நெடுங்காலம் இக்கணக்கில் கடவுச்சொல்லை எத்தனை முறை தவறாகத் தட்டினாலும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. 2022 அக்டோபரில் வந்த புதுப்பிப்பு அதற்கு வழி செய்தது: அதன்பின் புதிதாக அமைக்கப்படும் கணினிகளில் பத்து தவறான முயற்சிகளுக்குப் பின் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். பல கணினிகள் உள்ள அலுவலகங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல் வைப்பது பரவலான தவறு. ஒன்று களவு போனால் எல்லாம் போகும். கணினிக்கு ஒன்றாகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருக்கும் 'லேப்ஸ்' வசதி 2023 முதல் விண்டோஸிலேயே சேர்க்கப்பட்டுள்ளது.

உரிமையாளரின் அனுமதியின்றி இக்கணக்கு வழியாகப் பிறர் கணினிக்குள் நுழைவது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுக்குரியது. நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பிற இயங்குதளங்களில் இதற்கு இணையானது 'ரூட்' கணக்கு. 2004இல் வெளியான உபுண்டு லினக்ஸ் அதைத் தொடக்கத்திலேயே பூட்டி வைத்து, பயனர் தம் கடவுச்சொல்லைத் தந்து ஒவ்வொரு வேலைக்கும் தற்காலிக உரிமை பெறும் 'சூடோ' முறையைக் கையாண்டது. ஆப்பிளின் மேக் கணினிகளிலும் ரூட் முடக்கிய நிலையிலேயே வருகிறது.