உமி குத்தியவர்கள்

பயனற்ற காரியத்தில் பாடுபடுகிறவனைப் பார்த்து, "உமியைக் குத்திக் கை சலித்தாற்போல" என்று சொல்வது நம்மவர் வழக்கம். ஆனால் அந்த உமியையும் தவிட்டையும் கட்டிக்கொண்டு அழுத சில இளைஞர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு ரசாயன சாலையில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கதை எங்கே கிடக்கிறதோ அங்கே எனக்கும் வேலை உண்டு.

ஆரம்பம் ஜெர்மனியில். யேனா சர்வகலாசாலையில் டோபரைனர் என்று ஒரு பேராசிரியர். மகாகவி கெதேயின் நண்பர். எறும்பிடம் இருக்கிறதே ஃபார்மிக் அமிலம், அதைத் தயாரிக்கும்போது எண்ணெய் போன்ற வேறொரு வஸ்துவும் துளித் துளியாய்ச் சேர்வதைக் கண்டார். 1832-இல் அதைப் பற்றி எழுதி வைத்தார்.

1840-இல், முப்பதை ஒட்டிய வயதில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஸ்டென்ஹவுஸ் வந்தார். ஓட்ஸ், தவிடு, மரத்தூள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கந்தகத் திராவகத்தோடு சேர்த்துக் காய்ச்சி வடித்தார். எல்லாவற்றிலிருந்தும் அதே வஸ்துதான் வந்தது! வாதுமை மணம் வீசும் திரவம். காற்றுப் பட்டால் கறுத்துப் போகும். ஐந்து வருஷம் கழித்து, 1845-இல், லண்டனில் முப்பது வயது ஜார்ஜ் ஃபவுன்ஸ் அதற்கு 'ஃபர்ஃபியூரால்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'ஃபர்ஃபர்' என்றால் தவிடு. இருவரும் ஜெர்மனியில் லீபிக் என்ற பேராசானிடம் பாடம் கேட்டவர்கள்.

ஃபவுன்ஸின் மனம் வெறும் திரவத்தோடு நிற்கவில்லை. அம்மோனியாவும் பொட்டாஷும் சேர்த்து, அதிலிருந்து ஒரு காரப் பொருளை உண்டாக்கினார். குயினைன், மார்ஃபின் போன்ற காரங்களைச் செடி கொடிகள்தாம் தரும் என்றிருந்த காலம் அது. தவிட்டிலிருந்து மனிதன் அந்த இனத்தில் ஒன்றைச் செய்துவிட்டான் என்றால் பரபரப்புக்குக் கேட்பானேன்? 1847-இல் ராயல் சொஸைட்டி அவருக்குப் பதக்கம் அளித்தது. 1849 ஜனவரியில் க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 33.

பதக்கம் பெற்ற அந்தக் காரம் குயினைனின் இடத்தைப் பிடிக்கவில்லை. அவர் பெயர் மட்டும் சூட்டிய திரவமோ முக்கால் நூற்றாண்டு அலமாரியில் தூங்கிற்று.

1922-இல் அதைத் தட்டி எழுப்பியது அமெரிக்காவில், அயோவா ராஜ்யத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரிலிருந்த குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி. ஓட்ஸைத் தீட்டியபின் மலைபோல் குவியும் உமியை என்ன செய்வது என்று தவித்தவர்கள், சும்மா கிடந்த அழுத்தப் பாத்திரங்களில் போட்டுத் திராவகம் ஊற்றி வேகவைத்தார்கள். உமிக்குள் ஒரு வகைச் சர்க்கரை சங்கிலி கோத்துக் கிடக்கிறது. சங்கிலி அறுந்து, அந்தச் சர்க்கரை மூன்று பங்கு தண்ணீரை இழந்தால் அதுவே ஃபர்ஃபியூரால். இரண்டாம் உலக யுத்தத்தில் செயற்கை ரப்பருக்கான சரக்கைச் சுத்தம் செய்ய அது உதவிற்று. யுத்தத்துக்குப் பின் டூபாண்ட் கம்பெனி நைலானுக்கு வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்றை அதிலிருந்து செய்தது. ஆம், ஓட்ஸ் உமி நைலான் ஆயிற்று!

அந்த வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. பெட்ரோலியம் மலிந்தது, 1960-களின் தொடக்கத்தில் டூபாண்ட் உமி வழியைக் கைவிட்டது. ரசாயனத்தில் ஒரு பிழையும் இல்லை. தோற்றது விலையில்தான்.

ஃபர்ஃபியூரால் சாகவில்லை. சோளக் கொண்டையிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் இன்றும் எடுக்கிறார்கள். சீனா முன்னணியில் நிற்கிறது. வார்ப்படச் சாலைகளில் மணல் அச்சை இறுக்கும் பிசினுக்குப் பெரும்பகுதி போகிறது. பெட்ரோலியம் தரும் பிளாஸ்டிக்குக்கும் கரைப்பானுக்கும் பதிலாகச் செடியின் சக்கையிலிருந்தே பொருள் செய்ய, எத்தனையோ தேசங்களில் இளம் ஆராய்ச்சியாளர்கள் இப்போது முயல்கிறார்கள். உமி மலிவுதான், ஆனால் இடத்தை அடைக்கும் சரக்கு. வயல் வயலாய்ச் சேர்த்து வண்டியேற்றவும், வெந்த கஷாயத்திலிருந்து தண்ணீரைப் பிரிக்கவும் பணம் கரைகிறது. குழாயில் ஓடிவரும் எண்ணெயோடு அது போட்டியிட வேண்டும்.

ஆகவே, இந்தப் பிள்ளைகளின் சோதனை இந்த வருஷம் லாபம் தரவில்லை என்று கேட்டால் நான் அவசரப்பட்டுக் கைகொட்டிச் சிரிக்க மாட்டேன். ஃபவுன்ஸ் இறந்து 73 வருஷம் கழித்துத்தான் அவர் பெயரிட்ட சரக்கு தொழிற்சாலையை எட்டிற்று. எட்டியபோது, அவர் எழுதி வைத்திருந்தது தயாராய் இருந்தது.