நகர் என்னும் மதில்: மதுரை வடகரை பற்றிச் சில குறிப்புகள்

1

மதுரைச் சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்கள் பட்டி, குடி, ஏந்தல், குளம் என்று முடியும். நிலமும் நீரும் பெயரிலேயே இருக்கும். வைகையைத் தாண்டி வடகரைக்கு வந்தால் தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்று முதலில் குளங்கள். கிழக்கே போகப் போக அண்ணா நகர், கே.கே. நகர் என்று நகர்கள். குளம் நகராகிப் போன இந்தப் பெயர்மாற்றத்துக்குள்தான் மதுரையின் வசதிபடைத்த பகுதி உருவான வரலாறு கிடக்கிறது. கோயில் மதுரையைப் பற்றி எழுதித் தள்ளிய நாம், வடகரையை ஏதோ வரலாறே இல்லாத இடம்போல விட்டுவிட்டோம்.

வெளியே நின்று இதை நான் பேசவில்லை. சில வருஷங்களுக்கு முன் வடகரையில் ஒரு தெருவில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் நல்லமாதிரிதான் பேசினார். எம்.ஏ. தமிழ் என்றதும் முகம் மலர்ந்தது. ‘சொந்த ஊரு எது தம்பி?’ என்றார். சொன்னேன். ‘அந்த ஊர்ல எந்தப் பக்கம்?’ என்றார். அதையும் சொன்னேன். ‘வீட்ல கேட்டுட்டு போன் பண்றேன் தம்பி.’ போன் வரவில்லை. சாதி என்ற சொல்லை அவர் ஒருதடவைகூட உச்சரிக்கவில்லை. உச்சரிக்காமலேயே அதை நடத்திக் காட்டுகிற ஓர் ஏற்பாடு எப்படி வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காய் வீதிகள்; எல்லாவற்றுக்கும் வெளியே கோட்டை மதில், அகழி. பழைய மதுரையின் வரைபடம் இது. மையத்துக்கு எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிறாய் என்பதில் நீ யார் என்பது அடக்கம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிபட்டு அகழி தூர்க்கப்பட்டது. இடித்து நிரப்புகிறவர்களுக்கே அந்த மனை என்று சொல்லித்தான் வேலை நடந்தது. வெளிவீதிகள் அப்படி வந்தவை. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரை இன்றும் சுமக்கின்றன.

ஆனால் மதிலை இடித்த துரைமார் ஊருக்குள் வந்து குடியேறவில்லை. ஆற்றுக்கு வடக்கே தமுக்கம், ரேஸ்கோர்ஸ் என்று தங்களுக்கான வெளியை வகுத்துக்கொண்டார்கள். 1959 முதல் காந்தி அருங்காட்சியகமாக இருக்கிற நாயக்கர் காலத்துத் தமுக்கம் மாளிகை, அதற்குமுன் கலெக்டர்களின் வசிப்பிடம். மதில் போய் ஆறு மதிலாயிற்று. 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தபோது அந்த அகழிக்கு ஒரு வழி கிடைத்தது. யாருக்கு? 1892-இல் ஹார்வி ஆலை வந்தது. 1911-இல் டி.வி.எஸ். தொழில் தொடங்கியது. ஆலையிலும் ஜவுளியிலும் போக்குவரத்திலும் சேர்ந்த பணம் பாலத்தைத் தாண்டி, துரைமார் காட்டிய பாணியில் மரஞ்சூழ்ந்த பங்களா தேடியது. சங்கு ஊதியதும் ஓடவேண்டியவர்கள் ஆலையைச் சுற்றிய தெருக்களிலேயே தங்கினார்கள்.

3

வசதிபடைத்தவர்கள் ஊரைவிட்டு விலகி ஊர் அமைத்துக்கொள்வது மதுரைக்கு மட்டும் உரியதல்ல. இதன் முழுவளர்ச்சியை அமெரிக்காவில் காணலாம். அங்கே பெருநகரின் ஓரத்தில் சில ஆயிரம் பேர் சேர்ந்து தனி நகராட்சியே ஆகிவிட முடியும். தனி மேயர், தனிப் போலீஸ், தங்கள் வரி தங்கள் பள்ளிக்கு. மனை இத்தனை பெரிதாக இருக்க வேண்டும், அடுக்குமாடி கூடாது என்று விதித்துவிட்டால் போதும். ஏழை தானாக வெளியே நிற்பான். 1926-இல் கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் ஊரின் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இப்படி நிலத்தை வகை பிரிப்பதை ஏற்றது. தனிவீட்டுப் பகுதிக்குள் வருகிற அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றே வர்ணித்தது. கறுப்பருக்கு விற்பதில்லை என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அதை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது.

இன்னும் பச்சையான சாட்சி டெட்ராய்ட்டில் இருக்கிறது. 1941-இல் கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு மனைபோட்ட ஒருவர், அரசின் கடன் உத்தரவாதம் கிடைப்பதற்காகவே நடுவில் சுமார் அரைமைல் நீளச் சுவர் எழுப்பினார். சுவர் வந்தது, கடனும் வந்தது.

நம்ம பக்கத்திலும் சுவர் உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் தலித்துகளுக்கு எதிராக எழுந்த சுவரின் ஒரு பகுதி, பெரும் போராட்டத்துக்குப் பின் 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அப்போது நகரத்துக் கனவான்கள் கிராமத்துக் காட்டுமிராண்டித்தனம் என்று வருத்தப்பட்டுக்கொண்டார்கள். உத்தப்புரத்தில் செங்கல் தேவைப்பட்டது. வடகரையில் ‘எந்தப் பக்கம்?’ என்ற ஒரு கேள்வி போதும்.

4

இங்கே ஒரு சிக்கலை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நகர்’ என்ற சொல்லை முழுக்க நிராகரிக்க என்னால் முடியவில்லை. 1961-இல் அமைந்த வீட்டு வசதி வாரியம் கட்டிய அண்ணா நகர், எல்லீஸ் நகர் போன்ற இடங்களில் வீடு ஒதுக்கியது அரசு. தாழ்த்தப்பட்டோருக்கு அதில் பங்கு இருந்தது. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதைக் கேட்டுக் கிளம்பிய ஒரு குமாஸ்தா, ஒரு வாத்தியார், ஒரு நர்சு, சேரி என்ற அடையாளம் ஒட்டாத முகவரியை முதன்முதலாக அங்கேதான் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம், காலிபண்ணச் சொல்ல முடியாது.

ஆனால் அதே வாரியம்தான் மனிதர்களை உயர் வருவாய், நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் என்று பிரித்தது. சாதி இருந்த இடத்தில் வருமானம் வந்தால் மதில் தகர்ந்துவிடும் என்ற நவீனத்துவ நம்பிக்கை அது. வருமானம் சாதியோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதை அந்தப் படிவம் கேட்கவில்லை. வாரியம் ஒதுக்கிய வீடும் கைமாறி வாடகைச் சந்தைக்கு வரும்போது பழைய கேள்வி வாசலில் வந்து நிற்கிறது.

5

குளங்கள் என்ன ஆயின? கண்மாய் என்பது தனித்து நிற்கும் குட்டையல்ல. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்தது நிறையும். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டவர்களில் பெரும்பகுதி நிலமில்லாதவர்கள். தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சிக் கட்டடம் எழுந்தது. உலகநேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் திறந்தது. சங்கிலி அறுந்தது. வயலோடு சேர்ந்து தண்ணீர் பங்கிட்டவரின் வேலையும் போயிற்று. பட்டாவில் அவர் பெயர் இல்லாததால் நஷ்டஈட்டுப் பேச்சிலும் அவர் இல்லை. தண்ணீர் மட்டும் பழைய பாதையை மறக்கவில்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர், நரிமேடு, பீபிகுளம் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் பக்கம் வீட்டுவேலைக்கு வருகிற செல்லூர் அக்கா மறுநாள் சொன்னார்: ‘எங்க வீட்ல முழங்கால் தண்ணி. இங்க வந்து தரை தொடைக்கிறேன்.’

வருஷத்தில் ஓர் இரவு மட்டும் இந்த வரைபடம் குலைகிறது. சித்திரையில் அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் வரும்போது பட்டிகளிலிருந்து சனம் இறங்கி வடகரையின் தெருவெல்லாம் துண்டை விரித்துப் படுக்கிறது. தோளில் துருத்தி, கையில் சர்க்கரைச் சொம்பு. அந்த இரவில் ‘எந்தப் பக்கம்?’ என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கொண்டாடுகிற மனநிலையில் நான் இல்லை. மண்டகப்படியிலும் யாருக்கு என்ன இடம் என்ற கணக்கு உண்டு. ஆனாலும் ஓர் இரவு தெருவில் படுக்க விடுகிற ஊர், ஒரு வருஷம் வாடகைக்கு இருக்க ஏன் விடுவதில்லை? உத்தப்புரத்துச் சுவரை இடிக்க இயந்திரம் வந்தது. இந்தச் சுவரை முதலில் கண்ணில் காட்டியாக வேண்டும்.